கென்னாவின் வாய்

என் வீட்டுக்காரர் அமென்வா கல் வெட்டுகிறவர். தெருவில் சாவு விழுந்தால் மட்டும் சிறுத்தைத் தோலைப் போர்த்திக்கொண்டு பூசாரி ஆகிவிடுவார். அதற்கான பேழை எங்கள் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. உள்ளே சுண்டுவிரல் அளவில் இரண்டு கத்தி அலகுகள். வானத்திலிருந்து விழுந்த இரும்பு. அடக்கத்தன்று அவற்றைச் செத்தவர் உதட்டில் வைத்தால் வாய் திறந்துகொள்ளும். அப்புறம் அவருக்குக் காது கேட்கும், சாப்பிடலாம், குடிக்கலாம், பேசலாம். சாப்பிடுவதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. பேசுவதில்தான் எங்கள் தெருவில் பலருக்கு ஆட்சேபம்.

அடுத்த வீட்டு ஹெனுத்துக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. அவள் புருஷன் கென்னா தேள் கொட்டிச் செத்தவன். பதப்படுத்துகிறவர்கள் உடலை எடுத்துப்போன நாளிலிருந்து அவள் மெலிந்துகொண்டே வந்தாள். துக்கம் என்றார்கள். துக்கத்தில் இருப்பவள், கதவு ஆடினால் சுவரோடு ஒட்டிக்கொள்வாளா?

அடக்கத்துக்கு முந்தின நாள் நான் மாவு அரைத்துக்கொண்டிருந்தபோது வந்தாள். எல்லாருக்குமே வாயைத் திறந்துதான் ஆகவேண்டுமா என்று கேட்டாள். திறக்காவிட்டால் அங்கே பட்டினி கிடப்பான் என்றேன்.

"வாசல்ல ரொட்டி வச்சிடறேன்க்கா."

"வாய் இல்லாதவனுக்கு ரொட்டி எதுக்குடி? உண்மையச் சொல்லு."

சொன்னாள். கென்னா தன் தங்கை தாவெரெத் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து, அவள் வைத்த வெங்காய மீனைப் புகழ்ந்திருக்கிறான். அந்தக் கோபத்தில் மறுநாள் மத்தியானம் இவள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அவன் வந்து தட்டினான். பேர் சொல்லிக் கூப்பிட்டான். நாக்குக் குழறியது, பார்லிக் கள் குடித்திருக்கிறான் என்று நினைத்தாள். பிறகு சத்தம் நின்றது. தங்கை வீட்டுக்கே போய்விட்டான் என்று நினைத்தாள். வெயில் தாழ்ந்து திறந்தபோது வாசற்படியில் கிடந்தான். கால் நீலம் பாரித்திருந்தது. அன்றைக்கென்று நான் ஆற்றங்கரைக்குப் போயிருந்தேன். என் அதிர்ஷ்டம் அப்படி.

"அந்த வாயத் தொறந்தா மொதல்ல என் பேருதான்க்கா வரும். செத்தவங்கள விசாரிக்கிற ஒசிரிஸ் சபையில சொல்லிட்டு நேரா இங்க வருவாரு. தட்டுவாரு. இந்தத் தடவ தாழ்ப்பாள் தாங்காது."

நான் எங்கள் தாழ்ப்பாளை ஒருமுறை பார்த்துக்கொண்டேன். ரொட்டி கருகும் வாசம் வரவே பின்கட்டுக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது ஆள் இல்லை. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. கேட்டதை யாரிடமும் சொல்லவும் இல்லை. பயம் அப்படி.

மறுநாள் கல்லறை வாசலில் கென்னாவின் பெட்டியை நிமிர்த்தி நிறுத்தினார்கள். மூடியில் தீட்டிய முகம் எங்களையே பார்த்தது. அமென்வா மந்திரம் சொல்லிக்கொண்டே அலகுகளைச் சுற்றியிருந்த துணியைப் பிரித்தார். மந்திரம் பாதியில் நின்றது. அலகுகள் சிவந்து பொருக்குத் தட்டியிருந்தன. துணியெல்லாம் ரத்தம் மாதிரிக் கறை. செம்பு பச்சை பூத்துப் பார்த்திருக்கிறோம். வானத்து இரும்பு ரத்தம் கசிந்து எங்களில் யாரும் பார்த்ததில்லை.

பாதியில் விட்டால் இன்னும் கேடு. உதட்டில் வைத்தார். எடுத்தபோது தீட்டிய உதட்டில் சிவப்பு ஒட்டியிருந்தது, நாக்கைக் கடித்துக்கொண்டவன் வாய் மாதிரி. கூலிக்கு அழ வந்தவர்கள்கூட அழுகையை நிறுத்திவிட்டார்கள்.

ஹெனுத் அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள்.

"கேட்டுச்சுங்க," என்றாள் பெட்டியைப் பார்த்து. "நீங்க தட்டினது கேட்டுச்சு. கேட்டும் தொறக்கல. அந்த இரும்பையும் நான்தான் பொணத்துக்குப் போடற உப்பக் கரைச்சு, அதுல நனைச்ச துணியில சுத்தி வச்சேன். ஒடம்பு வத்துற மாதிரி அதோட சக்தியும் வத்திடும்னு நெனச்சேன்."

ஊரே கேட்டது. தாவெரெத் அவளை அடிப்பாள் என்று எதிர்பார்த்து நான் நகர்ந்து இடம்கூடக் கொடுத்தேன். அவளோ பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், "மெதுவாப் பேசுங்க அண்ணி. அண்ணனுக்கு இப்ப காது கேக்கும்," என்றாள்.

ஹெனுத் இப்போது தாழ்ப்பாளையே கழற்றிவிட்டாள். மத்தியானமானால் வெங்காய மீன் வைத்து, கதவைத் திறந்துபோட்டு, எதிரே உட்கார்ந்திருக்கிறாள். சாப்பிடுவதில்லை. அமென்வா அலகுகளை மணலிலும் எண்ணெயிலும் தேய்த்துப் பார்க்கிறார். சிவப்பு போகிறது, மறுபடி வருகிறது.

நேற்று மத்தியானம் எங்கள் கதவு தட்டப்பட்டது. காற்றாகத்தான் இருக்கும். சிறுத்தைத் தோல்காரர் எழுந்திருக்கவில்லை. நான்தான் போய்த் திறந்தேன். யாரும் இல்லை.

"அடுத்த வீடு, கென்னா," என்றேன். "தொறந்துதான் இருக்கு."