கம்பியில் கேட்ட கை

என் வீட்டுக்காரர் கணபதிசுப்பிரமணியன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்த ஐந்தாம் மாதம், அவர் பார்த்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள். ஆறு மாதம் தற்காலிகம், புகார் வராவிட்டால் நிரந்தரம். 1981, ஆனி மாதம். குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு சின்னத் தபாலாபீஸ், பின்கட்டில் எங்கள் வீடு. தந்தி அடிப்பதுதான் வேலை.

தென்காசி, புளியறை, நாங்கள், எல்லாருக்கும் ஒரே கம்பி. ஒருவர் தட்டினால் எல்லா ஊரிலும் கேட்கும். மத்தியானம் வேலை ஓய்ந்ததும் ஆண்பிள்ளைகள் அதிலேயே ஊர்வம்பு பேசுவார்கள், தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டி. முகமும் கிடையாது, குரலும் கிடையாது. ஒவ்வொருவர் தட்டுகிற தாளமும் ஒவ்வொரு மாதிரி, அதை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டுகொள்வார்கள். ‘கை’ என்று அதற்குப் பெயர்.

முதல் நாள் வணக்கம் தட்டினேன். சன்னலுக்கு வெளியே சாரல் பெய்துகொண்டிருந்தது. வெகுநேரம் கழித்துத் தென்காசி ஆறுமுகநயினார் தட்டினார். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தது அவருக்குத் தெரியும்.

“கணபதியா வே?”

எனக்கு ஆச்சரியமில்லை. என் வீட்டுக்காரருக்குக் கடைசி மூன்று வருஷம் வலது கை விளங்கவில்லை. தந்திக்காரர்களுக்கு வருகிற வியாதிதான், ஆனால் வெளியே சொன்னால் வேலை போய்விடும். பின்கட்டில் இருந்து பத்து வருஷம் கேட்டுக் கேட்டே எனக்கு அந்தப் பாஷை வந்திருந்தது. சன்னலைச் சாத்திவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் தட்டினேன். முதலில் தந்திகள் மட்டும். அப்புறம் வம்பும் என் பொறுப்பாயிற்று, அவர் பேச்சில் மகா கஞ்சர். நயினாரோடும் புளியறைப் பரீதோடும் கேலி பேசியதும், சண்டை போட்டதும், சமாதானம் சொன்னதும் நான்தான். ‘உன்னை மாதிரி ஒரு சிநேகிதன் கெடையாதுவே’ என்று அவர்கள் தட்டியதெல்லாம் எனக்குத்தான். சொல்ல வெட்கமென்ன, அந்த மூன்று வருஷம் போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை. எனக்கு வேலையும் வேண்டும், அந்த இரண்டு பேரும் வேண்டும்.

அந்த முதல் நாள், கணபதி இல்லை, அவர் சம்சாரம் வாலாம்பாள் பேசுகிறேன் என்று நயினாருக்குப் பதில் தட்டினேன். அதோடு பேச்சு நின்றது. இரண்டு நாள் வெறும் தந்திதான் வந்தது, போயிற்று. மூன்றாம் நாள் பரீது மெல்லக் கேட்டார். “அண்ணாச்சி, அங்கன எப்படி இருக்கீய?”

மேலோகத்தைத்தான் கேட்டார்.

உண்மையைச் சொன்னால் மேலிடத்துக்குத் தெரிந்து வேலை போகலாம். ஆனாலும் சிநேகிதர்கள்தானே என்று எல்லாவற்றையும் தட்டினேன். அத்தாட்சி என்ன என்று நயினார் கேட்டார். அதற்கென்ன, இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முந்தைய புரட்டாசியில் அவர் மகள் கல்யாணம் நின்றுபோன அன்று, பரீது லீவில் போயிருந்த சமயம், உயிரை விடப்போவதாகத் தட்டினார். சாயங்காலம் வரை விடாமல் பேச்சுக் கொடுத்து அவரை வீட்டுக்கு அனுப்பியவள் நான். அதைச் சொன்னேன்.

“அது கணபதிக்கு மட்டுந்தான் தெரியும்,” என்று தட்டினார் நயினார். எனக்கில்லை, பரீதுக்கு. “பாவம், போக மனசில்லாம பொஞ்சாதி மேல எறங்கியிருக்கான்.”

நான் விடவில்லை. தினமும் ஒரு பழைய பேச்சை எடுத்துச் சொன்னேன். சொல்லச் சொல்லப் பேய் உறுதியாகிக்கொண்டே போயிற்று. செத்தவன் தந்தி அடிப்பான் என்று நம்பினார்கள். பொம்பளை அடித்திருப்பாள் என்பதை மட்டும் அவர்களால் நம்ப முடியவில்லை. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

ஈரக் காற்றில் கருவி தானாகவே இரண்டொரு தட்டுத் தட்டும். எப்போதும் உள்ளதுதான். ஆனால் அந்த ஆடியில் அது என் தாளத்தில் தட்டியது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அது தட்டிக்கொண்டிருந்தது. என் கையை நானே திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

ஆடி அமாவாசை அன்று காலையில் இரண்டு பேர் ஆபீசுக்கு வந்தார்கள். திருநீறு பூசிய வழுக்கைத் தலை நயினார், குடையோடு ஒல்லியாக நின்றவர் பரீது. அன்றுதான் முகங்களைப் பார்த்தேன். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை, கருவியைப் பார்த்தார்கள்.

“பயப்படாத தாயி. இன்னையோட ஒன்ன விட்டுருவான்,” என்றார் நயினார்.

“அண்ணாச்சி, நீங்க போகச் சொல்லுத ஆளு நான்தான்.”

அவர் காதில் விழவில்லை. அழுதுகொண்டிருந்தார்.

பின்னாலேயே போனேன். அருவிக்குக் கீழே ஆற்றங்கரையில் புரோகிதர் கணபதிசுப்பிரமணியன் பெயரைச் சொல்ல, நயினாரும் சொன்னார். பிறகு தானாகச் சேர்த்துக்கொண்டார். “மூணு வருசமா எங்ககூடப் பேசுன அந்தக் கைக்கும்.” பரீது ஒதுங்கி நின்று வாய்க்குள் ஓதினார். எள்ளும் தண்ணீரும் நயினார் விரலிடுக்கில் இறங்கி ஆற்றில் விழுந்தது. எனக்கு வலது கை முழங்கை வரை சில்லிட்டுப் போயிற்று. எனக்குத்தான் எள்ளுத் தண்ணீர் விட்டார்கள், உயிரோடு நின்று பார்த்தேன்.

மறுநாள் வணக்கம் தட்டினேன். விரல் போன போக்கில் போயிற்று. நேற்றுப் பழக வந்தவள் மாதிரி எழுத்துக்கு எழுத்துத் தடுமாறினேன். உடனே நயினாரிடமிருந்து பதில் வந்தது, வேலையில் சேர்ந்ததிலிருந்து நான் கேட்காத கலகலப்போடு.

“புதுசா வந்த அம்மாவா? மெதுவா தட்டு தாயி, பழகிரும். எங்க கணபதி இருந்தா ஒனக்கு நல்லாச் சொல்லித் தந்திருப்பான்.”

புகார் ஒன்றும் வரவில்லை, மார்கழியில் வேலை நிரந்தரமானது. அன்றைக்கு நயினாருக்கு நன்றி என்று தட்டினேன். அந்த ஒரு சொல்லுக்கே மூன்று தடவை திருத்த வேண்டியிருந்தது.