ஏலக்காரி வாயைத் திறந்தாள்

மீன் சந்தையில் ஏலம் கூவும் அக்கா, கழுத்தில் எலுமிச்சை அளவில் இருந்த தைராய்டு வீக்கம் தேங்காய் அளவுக்கு வளர்ந்த பிறகுதான் அதை எடுக்கச் சம்மதித்தாள். "குரல் நரம்பு அதை ஒட்டியே போகுது. பார்த்துத்தான் எடுப்போம். ஆனாலும் சில பேருக்குக் குரல் கம்மிப் போகும்" என்று டாக்டர் சொன்னார். அடுத்து அவர் கால்சியம் பற்றிச் சொன்ன எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தவளிடம், "ஏதாவது பேசுங்கம்மா" என்றார் டாக்டர். உதட்டை இறுக்கிக்கொண்டாள். வாயைத் திறந்தால்தானே குரல் இருக்கா, போச்சா என்று தெரியும்? தெரியவே வேண்டாம். வீட்டுக்காரர் கெஞ்சிப் பார்த்தார். முறைத்தாள்.

மறுநாள் மத்தியானம் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல இருந்தது. விரல்கள் தாமாகவே மடங்கி விறைத்துக்கொண்டன. கட்டிலருகே இருந்த அழைப்பு மணியை அழுத்த முடியவில்லை. பக்கத்து நாற்காலியில் வீட்டுக்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"யோவ்! எழுந்திருய்யா! கை இழுக்குது, நர்ஸைக் கூப்பிடு!"

வார்டுக்கே தூக்கிவாரிப்போட்டது. ஓடிவந்த நர்ஸ், "ஆபரேஷனால கால்சியம் குறைஞ்சிருக்கு, சரியாகிடும்" என்று மருந்தை மெல்ல ஏற்றினாள். விரல்கள் தளர்ந்தன.

"பயந்தே போயிட்டேன்டி" என்றார் வீட்டுக்காரர், கண் கலங்க.

அவள் அதைக் கவனிக்கவே இல்லை. "கடைசிக் கட்டில் வரைக்கும் கேட்டுச்சா?"

கடைசிக் கட்டிலில் படுத்திருந்த பெண் கையைத் தூக்கிக் காட்டினாள்.

"ஒரு தரம்!" என்றாள் ஏலக்காரி, தன்னை மறந்து.