ஒன்பதாவது கிளாஸ்

ஒயின் வட்டாரத்தில் என் கணவருக்கு 'மூக்கு' என்று பெயர். முகத்தில் அது கொஞ்சம் பெரிதுதான், ஆனால் பட்டம் அதற்காக வந்ததல்ல. கிளாஸை முகர்ந்தே திராட்சை எந்த வெயிலில் பழுத்தது, ஒயின் எந்த மரப் பீப்பாயில் கிடந்தது என்று புட்டுப் புட்டு வைப்பார். நானும் நடுவர்தான். எனக்கு யாரும் பட்டம் கொடுக்கவில்லை. இருபது வருஷம் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தால் அப்படித்தான்.

நாலு மாதத்துக்கு முன் வந்த காய்ச்சல், போகும்போது அவர் மோப்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. டாக்டரைத் தவிர எனக்கு மட்டும்தான் தெரியும்.

"போட்டிக்குள்ள வந்துடும்" என்றார் என் கணவர். வரவில்லை. நடுவர் நாற்காலியும் போய்விட்டால் இந்த மனிதர் என்ன ஆவாரோ என்று பயந்தேன். யோசனை சொன்னது நான்தான், வேறு யார் தலையிலும் பழி போட முடியாது. என் பென்சில் முனை கிளாஸைப் பார்த்தால் தங்கம், குறுக்கே கிடந்தால் வெள்ளி, என் பக்கம் திரும்பினால் பதக்கம் இல்லை.

போட்டி அன்று ஆறு நடுவர்கள், ஆளுக்குப் பன்னிரண்டு கிளாஸ். கிளாஸில் எண் மட்டும்தான் இருக்கும், பேசக் கூடாது. முகர்ந்தேன், வாயில் வைத்துச் சுழற்றினேன், வாளியில் துப்பினேன், பென்சிலைத் திருப்பினேன். அவர் நிதானமாக எழுதிக்கொண்டே வந்தார். நான் படு கெட்டிக்காரி என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

தாள்களைப் பார்த்து முடித்த நடுவர் குழுத் தலைவி நிமிர்ந்தாள். இந்த வருஷம்தான் பொறுப்புக்கு வந்தவள்.

"இந்தத் தடவ ஒவ்வொருத்தருக்கும் வேற வேற வரிசையில ஊத்தியிருக்கோம். பக்கத்துல இருக்கறவங்க முகத்தப் பாத்து மார்க் போடக் கூடாதுன்னுதான்."

அப்படியானால் என் பென்சில் சொன்னதெல்லாம் என் கிளாஸுக்குத்தான், அவர் கிளாஸில் இருந்தது வேறு ஒயின்.

"அதுல கார்க் கெட்டுப்போன ஒயின் ஒண்ணு, வேணும்னே வச்சது. அஞ்சு பேர் தள்ளிட்டீங்க. ஒருத்தர் தங்கம் போட்டிருக்கார்."

அவருடைய ஒன்பதாவது கிளாஸை மேஜை நடுவில் வைத்தாள். கார்க் கெட்டால் வருமே, அந்த நனைந்த அட்டைப்பெட்டி வாசனை நான் இருந்த இடத்துக்கே வந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவர் கிளாஸை எடுத்து நெடுநேரம் முகர்ந்தார். "மல்பெரி... கொஞ்சம் மிளகு..." என்று ஆரம்பித்தார். எவ்வளவு அழகாகச் சொன்னார்! எல்லாம் பழைய ஞாபகம்.

தலைவி என்னிடம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க மேடம்."

"நல்ல ஒயின். தங்கம்தான்."

"உங்க தாள்ல இதே ஒயினத் தள்ளியிருக்கீங்களே?"

"தப்பாப் போட்டுட்டேன்."

அவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"அவ பொய் சொல்றா. எனக்கு மூக்கு செத்து நாலு மாசமாச்சு. அவளப் பாத்துத் திருடித்தான் எழுதினேன், அவளுக்குத் தெரியாது. அவள விட்டுடுங்க."

தலைவி என் பென்சிலையும் என்னையும் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் அவர் தாளை மட்டும் உருவி எடுத்தாள்.

வெளியே படியில் இறங்கும்போதே பிடித்துக்கொண்டேன். "யாரு உங்கள வாயத் திறக்கச் சொன்னது? நான் சமாளிச்சிருப்பேன்ல?"

"நாற்காலி போனா போகுது, விடு." அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "உங்கிட்ட ஒண்ணு சொல்லல. உன் வாசனையும் போயிடுச்சு. ராத்திரி முழிச்சா, பக்கத்துல யாரோ படுத்திருக்கற மாதிரி இருக்கு. விளக்கப் போட்டு உன் முகத்தப் பாத்துட்டுத்தான் திரும்பத் தூங்கறேன்."