ஒரே அடுப்பில் இரண்டு மோக்கா

மற்றவர்கள் வீட்டில் சண்டை வந்தால் தட்டு பறக்கும், கதவு அடிபடும், பக்கத்து வீட்டுக்காரர்கள் பால்கனிக்கு வந்து காற்று வாங்குவதுபோல நிற்பார்கள். டிரைவிங் டீச்சர் வீட்டில் அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பாத்திரம் சுத்தமானது, அவ்வளவுதான்.

பாத்திரம் என்றால் மோக்கா. அடியில் தண்ணீர், நடுவில் காப்பித்தூள், மேலே காலி. திருகி மூடிச் சின்னத் தீயில் வைத்தால், கீழே இருக்கிற தண்ணீர் ஆவியின் உந்தலில் தூளுக்குள் புகுந்து மேலே ஏறும். கடையில் பெரிய மெஷின் போட்டுத் தருகிற எஸ்பிரஸ்ஸோவுக்குத் தம்பி முறை ஆகிற ஒரு கெட்டிக் காப்பி வந்து நிற்கும். டீச்சரின் மோக்கா கல்யாணமான புதிதில் வாங்கியது. ஆறு கப் அளவு என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. அது பொம்மைக் கப் கணக்கு. மனிதக் கணக்கில் பெரிய மக்குக்கு இரண்டு வரும். அவளுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. வருஷக்கணக்காகக் காப்பி ஏறி ஏறி அதன் உட்புறம் கரும்பழுப்பாகியிருந்தது. அந்தப் பழுப்பில்தான் ருசியே இருக்கிறது என்பது டீச்சரின் கட்சி. சோப்பு படக்கூடாது, நார் படக்கூடாது, வெறும் தண்ணீரில் அலசிக் கவிழ்த்துவிட வேண்டும். பெற்ற பிள்ளையைக்கூட அவள் இத்தனை பதமாகக் குளிப்பாட்டியதில்லை என்று அவளுடைய அக்கா சொல்வாள். வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்ட அந்தப் பிள்ளையும் இதை மறுத்ததில்லை.

டீச்சரின் கணவருக்கு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளைக் கழுவி நீராவியில் சுத்திகரிக்கிற பிரிவில் வேலை. கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் அவர் கைபட்டுத்தான் உள்ளே போகும். கூட வேலை பார்க்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் பினாயில். உலோகத்தின் மேல் பழுப்பாக எது ஒட்டியிருந்தாலும் அவருக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்த அர்த்தத்தைச் சாப்பாட்டு மேஜையில் சொல்லக்கூடாது என்று டீச்சர் தடை போட்டிருந்தாள். இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டு அந்தப் பாத்திரத்துக் காப்பியைக் குடித்துவந்த மனிதர், ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் அக்கா வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, நல்லது செய்யப் புறப்பட்டுவிட்டார். கெட்டது செய்கிற ஆண்களாவது பாதியில் களைத்துப்போய் நிறுத்துவார்கள். நல்லது செய்யப் புறப்பட்டவர்களை நிறுத்த யாராலும் முடியாது.

டீச்சர் திரும்பி வந்தபோது மோக்கா மேஜை நடுவில் துண்டு விரித்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் அவர், பரிசு வாங்கப் போகிற பையன் மாதிரி நின்றார்.

“எப்படி இருக்கு?”

டீச்சர் மூடியைத் திறந்து பார்த்தாள். உள்ளே மங்கலாக அவள் முகமே தெரிந்தது.

“என்ன பண்ணீங்க?”

“கம்பி நாரு, பவுடரு, அப்புறம் மூலைக்கெல்லாம் ஆஸ்பத்திரி பிரஷ். ஊசிமுனை அழுக்கு இருந்தாக் காட்டு பாப்போம். இத்தனை நாளா இதுல எப்படித்தான் குடிச்சமோ!”

அந்தக் கடைசி வரியை மட்டும் அவர் விழுங்கியிருந்தால், டீச்சர் ஒரு வாரம் கத்திவிட்டு ஓய்ந்திருப்பாள். கம்பி நாரை மன்னிக்கலாம். விடிந்ததும் விடியாததுமாக எழுந்து, தன் கையால் போட்டு, பால் காய்ச்சிக் கலந்து, நுரை அடங்குவதற்குள் இவர் கையில் கொடுத்த அத்தனை காலைக்கும் சேர்த்து ஒரே வரியில் மார்க் போட்டுவிட்டாரே, அது சுட்டது.

“அப்ப இத்தனை வருஷமா நான் போட்டுக் குடுத்தது அழுக்கு. அப்படித்தானே?”

“அழுக்குன்னு நான் சொல்லலியே.”

“வேற எப்படிச் சொன்னீங்க?”

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் தண்ணீர் குடிக்கப் போயிருப்பார்கள். இவர் நின்று, நிஜமாகவே யோசித்து, சரியான சொல்லைத் தேடிப் பிடித்தார்.

“சுத்தமில்லாததுன்னு சொன்னேன்.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அதற்காவது மழை வரவேண்டும்.

மறுநாள் டீச்சர் கடைக்குப் போய் ஒற்றை மோக்கா ஒன்று வாங்கி வந்தாள். ஒரு கப் அளவு, உள்ளங்கையில் நிற்கும். அதைப் பெரிய மோக்காவுக்குப் பக்கத்து பர்னரில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

“இனிமே என் காப்பி எனக்கு, உங்க காப்பி உங்களுக்கு. சுத்தமான பாத்திரத்த நீங்களே வெச்சுக்குங்க.”

ஒரே அடுப்பில் தனிக்குடித்தனம். சொத்துப் பிரித்த அண்ணன் தம்பிகூட இத்தனை பக்கத்தில் வீடு கட்டிக்கொள்ள மாட்டார்கள்.

தனிக்குடித்தனம் அவ்வளவு சுகமாக இல்லை. அடுப்பின் கம்பிகள் பெரிய பாத்திரங்களுக்காக அகலமாகப் போட்டவை. ஒற்றை மோக்கா அதில் நிற்காமல் சாய்ந்தது. காப்பி மேலே ஏறும்வரை டீச்சர் அதன் காதைப் பிடித்துக்கொண்டே நின்றாள். ஏறியதும் பார்த்தால் இரண்டு மடக்கு. யானைப் பசிக்குச் சோளப்பொறி. இரண்டாவது தடவை போடலாம்தான், ஆனால் அவர் பார்த்துவிட்டால்? போதவில்லை என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாதா? அதனால் வீராப்பையும் அரைத் தூக்கத்தையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு அவள் வேலைக்குப் போனாள். அந்த நாட்களில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் பாவம் செய்தவர்கள். கிளட்சுக்குப் பதில் பிரேக்கை மிதித்த வங்கி அதிகாரி ஒருவர், டீச்சர் சொன்னதைக் கேட்டுவிட்டு, இறங்கி நடந்தே வீட்டுக்குப் போனார்.

பினாயிலுக்குக் காப்பி போட்டுப் பழக்கமே கிடையாது. ஆனால் விதிமுறை என்று ஒன்று காதில் விழுந்துவிட்டால் அவர் மறக்கிற ஆள் இல்லை. டீச்சர் என்றைக்கோ போகிற போக்கில் சொன்னதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தண்ணீர் பக்கவாட்டு வால்வு வரைக்கும்தான். தூளைத் தலைதட்டப் போட வேண்டும், அமுக்கக் கூடாது. தீ சின்னதாக இருக்க வேண்டும். அரைப் பாத்திரம் போடவே கூடாது, போட்டால் காப்பி கெட்டுப்போகும். அவளுக்கு முதுகைக் காட்டியபடி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் செய்தார். மோக்கா களகளவென்று கொந்தளித்ததும் அணைத்தார். பால் காய்ச்சுவது பற்றி மட்டும் அவள் எதுவும் சொல்லிவைக்கவில்லை. அதனால் பால் இல்லை.

டீச்சர் குளியலறைக் கதவிடுக்கில் நின்று வேவு பார்த்தாள். தேய்த்த பாத்திரத்தில் முதல் சில நாள் காப்பி தகரம் நக்கியதுபோல இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு மக்கை அவர் நின்றபடி முகம் சுளிக்காமல் குடித்தார். மிச்சம் ஒரு மக் இருக்கிறதே, அதற்காகத்தான் அவள் காத்திருந்தாள். அதைத் தொட்டியில் ஊற்றட்டும், “தூள் என்ன மரத்துலயா காய்க்குது?” என்று கேட்கலாம். கேள்வி நாக்கு நுனியில் தயாராக நின்றது. வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழி உடைந்தது. அவர் அலமாரியிலிருந்து ஒரு ஃப்ளாஸ்கை எடுத்தார், மிச்சத்தை ஊற்றி இறுக்கி மூடினார், பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். மறுநாளும் அதே ஃப்ளாஸ்க். அதற்கு அடுத்த நாளும்.

அக்காவிடம் போனில் சொன்னாள்.

“சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம். அந்தக் கதையா இருக்கு உன் வீட்டுக்காரர் கதை,” என்றாள் அக்கா. கொஞ்சம் பொறுத்து, “அது சரி, ஒரு மக்கு அவரு குடிச்சாச்சு. ஃப்ளாஸ்க்ல போறது யாருக்குடி?”

டீச்சர் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“நான் ஒண்ணும் சொல்லல. ஆஸ்பத்திரின்னா நாலு பொம்பளைங்களும் வேல பாக்கற எடம்தானே. சரி, அடுப்புல வேல இருக்கு, வெக்கறேன்.”

அக்கா எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிறவள் இல்லை. எண்ணெய் எந்த அலமாரியில் இருக்கிறது என்று காட்டிவிட்டு நாசூக்காக நகர்ந்துகொள்கிறவள்.

அன்றிலிருந்து டீச்சருக்கு அந்த ஃப்ளாஸ்க்தான் உலகம். மாலையில் அது கழுவிக் காயவைத்து வந்து சேரும். அவள் அதைத் திறந்து முகர்ந்துகூடப் பார்த்தாள். பினாயில் கழுவிய ஃப்ளாஸ்கில் என்ன வாசனை இருக்கும்? என் பங்குக் காப்பி எவளுக்குப் போகிறது? வேண்டாம் என்று அவளே தள்ளிவிட்ட காப்பிதான். நாம் தூக்கி எறிந்ததை இன்னொருத்தி எடுத்தால் வருகிற கோபத்துக்கு நியாயம் கிடையாது, ஆனால் வேகம் உண்டு. அக்கா வீட்டில் ஓர் அறை காலியாக இருந்தது. டீச்சர் பெட்டிக்குள் நாலு புடவையை மடித்து வைத்தாள். மேலாக ஒற்றை மோக்காவை வைத்தாள். இப்போது வாசலைத் தாண்டினால் திரும்பி வரத் தன் வீராப்பு விடாது என்று அவளுக்கே தெரிந்தது. அது தெரிந்ததும் பயமாக இருந்தது. பயந்துகொண்டே பெட்டியை மூடினாள்.

அப்போதுதான் போன் வந்தது.

“ஆஸ்பத்திரிலேருந்து பேசறோம். சாருக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு உக்காந்துட்டாரு. பயப்படாதீங்க, கெளம்பி வாங்க.”

பயப்படாதீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னால் யார்தான் பயப்படாமல் இருப்பார்கள்? தலையில் பலகை மாட்டிய பயிற்சிக் காரிலேயே கிளம்பினாள். வளைவில் வேகம் குறைக்கவில்லை, ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. அப்படி ஓட்டிய மாணவனை அவள் ஜென்மத்துக்கும் பாஸ் போட்டிருக்க மாட்டாள். அவர் மட்டும் நன்றாக இருந்தால் போதும், ஃப்ளாஸ்க் எவளுக்கு வேண்டுமானாலும் போகட்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தியதும், அந்த இரண்டாவது பாதியை மட்டும் வாபஸ் வாங்கிக்கொண்டாள்.

அவர் கட்டிலில் படுத்திருந்தார். நெஞ்சில் ஒயர்கள் ஒட்டியிருந்தன. தலைமாட்டுக் கருவி கிக்கிக் என்று அவசரப்பட்டது.

“இதயம் நல்லாத்தான் இருக்கு,” என்றாள் டாக்டர், சின்ன வயசுப் பெண். “துடிப்புதான் தறிகெட்டு ஓடுது. காப்பி எவ்வளவு குடிப்பாரு?”

“காலைல ஒரு மக்கு.”

“ரெண்டுன்னு சொல்றாரே? அதுவும் பாலில்லாம, கெட்டியா?”

டீச்சர் பதில் சொல்லுமுன் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். அவர் பிரிவின் சூப்பர்வைசர் என்று சட்டையில் எழுதியிருந்தது. கையில் அந்த ஃப்ளாஸ்க்.

“ஓ,” என்றாள் டீச்சர், அவளை உச்சிமுதல் உள்ளங்கால்வரை பார்த்து. “நீங்கதானா இவரு காப்பியக் குடிக்கறது?”

“நானா? எனக்கு எங்க குடுத்தாரும்மா! வாசனை ஆளத் தூக்குதே, ஒரு மூடி ஊத்துங்க சார்னு கேட்டேன். ஃப்ளாஸ்க நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, ‘இது எங்க வீட்டம்மா பங்கு’ன்னுட்டாரு. ஒருத்தருக்கும் தரமாட்டாரு. மத்தியானம்வரை வெச்சிருந்து, முகத்தச் சுளிச்சுக்கிட்டே அவரே குடிப்பாரு.”

டீச்சர் கட்டில் பக்கம் திரும்பினாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேண்டாம்னா கீழ ஊத்த வேண்டியதுதானே?”

“உன் பங்கு அது,” என்றார். “எப்படிக் கீழ ஊத்தறது?”

டீச்சருக்கு அழுகை வந்தது. வந்த அழுகையை, பழக்கதோஷத்தில், கத்தலாக மாற்றிக்கொண்டாள்.

“அறிவிருக்கா உங்களுக்கு? அரைப் பாத்திரமாப் போட்டுத் தொலைச்சிருந்தா வானமா இடிஞ்சு விழுந்திருக்கும்?”

“அரையாப் போட்டாக் கெட்டுப்போகும்னு நீதானே சொன்ன?”

கருவி இன்னும் வேகமாகக் கத்தியது. “அம்மா, துடிப்பு ஏறுது. மிச்சச் சண்டைய வீட்டுல வெச்சுக்குங்க,” என்றாள் டாக்டர். “இனிமே ஒரு நாளைக்கு அரைக் கப். அதுக்கு மேல ஒரு சொட்டு கூடாது.”

அன்று ராத்திரியே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை அவர் எழுந்து வந்தபோது கூடத்தில் பெட்டி நின்றது.

“எங்க போற?”

“அக்கா வீட்டுக்குப் போறதா இருந்தேன்.”

“இப்ப?”

“இப்பப் பெட்டியத் திறக்கணும். காப்பிப் பாத்திரம் அதுக்குள்ள இருக்கு.”

ஒற்றை மோக்கா அடுப்பில் ஏறியது. டீச்சர் வழக்கம்போல அதன் காதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏறி நின்ற இரண்டு மடக்கு காப்பியை, பங்கு பிரிக்கிறவள்போலக் கண்ணை இடுக்கிப் பார்த்து, இரண்டு மக்கிலும் பாதிப் பாதி ஊற்றினாள். பால் காய்ச்சிக் கலந்தாள். நுரை அடங்குவதற்குள் அவர் கையில் கொடுத்தாள்.

“எப்படி இருக்கு?”

இரண்டு பேருக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. இந்த முறையும் அவர் நின்று, நிஜமாகவே யோசித்தார்.

“நல்லாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் அழுக்கு சேரணும்.”

குடித்து முடித்ததும் அவரே பாத்திரத்தைக் கழுவ எடுத்துப் போனார். கை தன்னால் கம்பி நாரிடம் போயிற்று. டீச்சர் மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நாரை எடுத்த இடத்திலேயே வைத்தார். வெறும் தண்ணீரில் அலசினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உள்ளே, அடிப்பக்கத்தில், மெல்லிசாக ஒரு பழுப்பு வளையம் விழுந்திருந்தது. பெருமூச்சு விட்டு, ஒரு துணியை எடுத்து, அந்த வளையத்தில் மட்டும் படாமல் சுற்றிலும் துடைக்க ஆரம்பித்தார்.