டீச்சர் பக்கம் சாய்ந்த தரை

கணக்கு டீச்சரின் வயிற்றில் இருப்பது புற்றுநோய்க் கட்டி என்று டாக்டர் சொன்ன செவ்வாய்க்கிழமையிலிருந்து, டீச்சர் இருக்கும் பக்கமாகத் தரை சாயத் தொடங்கியது. சமையலறையில் நின்றால் வெங்காயமெல்லாம் காலடிக்கு உருண்டு வந்தது. படுத்தால் நாற்காலிகள் ஊர்ந்து வந்து கட்டிலை முட்டின. கணவர் டைல்ஸ் பதிப்பவர்; மனைவியை அவரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். முப்பது வருடம் தரைக்கு மட்டம் பார்த்தே பிழைத்த மனிதருக்கு இதைவிட அவமானம் வேண்டுமா? மூன்று நாள் முட்டி போட்டுத் தேடினார். தரையில் ஒரு குறையும் இல்லை.

கட்டி சினைப்பையில் தொடங்கியது என்றார் அந்த டாக்டர். எதற்கும் இன்னொருவரிடம் கேட்போம் என்று போனால், அவர் குடலில் தொடங்கியது என்றார். கணவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் தொழிலில் ஒரு வழக்கம்: குமிழி ஓடும் ரசமட்டத்தைத் தரையில் வைத்துப் பார்த்த பிறகு, முனை மாற்றித் திருப்பி வைத்தும் பார்க்க வேண்டும். இரண்டு தடவையும் ஒன்றாகக் காட்டாவிட்டால் கோளாறு தரையில் இல்லை, ரசமட்டத்தில். ஆக, கோளாறு டாக்டர்களிடம்தான், டீச்சர் சுகம் என்று முடிவு கட்டி, ரிப்போர்ட்டுகளைப் பரணில் போட்டார். டீச்சரும் நம்ப ஆசைப்பட்டார், பாவம். ஆறு வாரம் ஓடியது. வயிறு உப்பியது, சாய்வும் கூடியது. பீரோவை ஜன்னல் கம்பியில் கயிறு போட்டுக் கட்ட வேண்டியதாயிற்று.

ஒரு காலை டீச்சர் இரண்டு ரிப்போர்ட்டையும் இறக்கி, மேஜையில் அருகருகே விரித்து வைத்தார்.

“எங்கே ஆரம்பிச்சதுங்கறதுலதான் ரெண்டு பேருக்கும் தகராறு. இருக்குங்கறதுல இல்லை. நீங்க இதைப் படிக்கவே இல்லையா?”

“படிச்சேன் டீச்சர். பயமா இருந்துச்சு.”

மூன்றாவது டாக்டர் ஒரு பெண்மணி. ஏற்கெனவே எடுத்திருந்த சதைத் துணுக்கை வரவழைத்துப் புதிதாகப் பரிசோதிக்கச் செய்து, சினைப்பைதான், இனி ஒரு நாளும் தள்ளக்கூடாது என்றார். முன்பே வந்திருக்கலாமே என்று அவர் கேட்கவில்லை. கணவர் காதில் மட்டும் அது ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆபரேஷன் அன்று, வெளியே காத்திருந்தவர்களின் பெஞ்சு அத்தனை பேரையும் சுமந்துகொண்டு கதவுவரை நகர்ந்து முட்டி நின்றது. யாரும் பெரிதுபடுத்தவில்லை. வழியை மறைக்காதீர்கள் என்று ஒரு நர்ஸ் கடிந்துகொண்டார், அவ்வளவுதான். நான்காவது மணி நேரத்தில் தரை சட்டென்று மட்டமானது. மற்றவர்கள் அப்பாடா என்று பெஞ்சைப் பின்னுக்குத் தள்ளிக் காலை நீட்டினார்கள். டீச்சர் இருக்கும்வரைதானே தரை சாயும் என்று கணவர் தரையில் முட்டி போட்டார். அவ்வளவு சுத்தமான மட்டத்தை அவர் வாழ்நாளில் பதித்ததில்லை. சாய், சாய் என்று தரையைக் கெஞ்சினார். ஏழு நிமிடம் கழித்துப் பெஞ்சு கிரீச்சிட்டு மறுபடி கதவில் முட்டியது. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

பிறகு ஆறு மாதம் மருந்து ஏற்றினார்கள். கொட்டிய முடி சுருட்டையாக முளைத்தது. டீச்சர் பள்ளிக்கூடம் திரும்பி நான்கு வருடமாகிறது. சாய்வு இம்மியும் குறையவில்லை. சொந்த வீட்டுத் தரையைச் சரிபண்ணத் துப்பில்லை என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டல் பண்ணுகிறார்கள். டீச்சரே ஒரு மாலை கேட்டுவிட்டார், இதை எப்போதுதான் சரிபண்ணப் போகிறீர்கள் என்று.

“அது பாட்டுக்கு இருக்கட்டும்” என்ற கணவர், டீ சிந்தாமல், நாற்காலியோடு டீச்சர் பக்கம் வழுக்கி வந்து சேர்ந்தார்.