மொஹாபி மறுபடியும் கிளம்புகிறார்

அப்பாவின் கால்மாட்டில் கம்பளியை இழுத்துச் செருகிக்கொண்டிருந்த மொசெலேயிடம் பிணவறை ஊழியர் கேட்டார்.

"என்னம்மா, திறக்கவா? இல்ல இப்படியே குடுத்துடவா? ஜோகன்னஸ்பர்க் வண்டி வாசல்ல நிக்குது."

மொசெலே பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா மொஹாபி எல்லை தாண்டி ஜோகன்னஸ்பர்க் பக்கம் போய், இளமை முழுக்கத் தங்கச் சுரங்கத்தில் பாறை துளைத்துவிட்டு, இருமலோடு லெசோத்தோ திரும்பியவர். நஷ்டஈடு கேட்டதற்கு, எக்ஸ்ரே படத்தில் தூசு நோய் தெரியவில்லை, புகைபிடித்ததால் வந்த இருமலாக இருக்கும் என்று தள்ளிவிட்டார்கள். சிகரெட்டைக் கையால் தொடாத மனிதர் அவர். மேல்முறையீடு போட்டார். பதில் வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. இனி ஒரே வழிதான். நுரையீரலை எடுத்து அனுப்பினால் ஜோகன்னஸ்பர்க்கில் அறுத்துப் பார்த்து, தூசு இருக்கிறதா என்று சொல்வார்கள். நாளை அப்படியே புதைத்துவிட்டால் மேல்முறையீடும் அவரோடு மண்ணுக்குள் போய்விடும்.

பெரியப்பா லெபோனா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"முழுசா வந்தவன முழுசாத்தான் அனுப்பணும். பாதி இங்க, பாதி அங்கன்னா, மேல இருக்கிற நம்ம பெரியவங்க எந்தப் பாதியை வான்னு கூப்பிடுவாங்க?"

"அப்ப வேண்டாங்கிறீங்களா பெரியப்பா?"

"நான் எங்க அப்படிச் சொன்னேன்? உங்கம்மாவக் கேளு."

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "புகைபிடிச்சவருன்னு எழுதினாங்களே, பாவிங்க. எனக்கு ஒண்ணும் ஓடல. உங்க பெரியப்பா சொன்னாச் சரி."

ஆளுக்கு ஆள் கையைக் கழுவிவிட்டார்கள். அந்தக் குடும்பத்தில் முடிவெடுக்கத் தெரிந்த ஒரே ஆள் கம்பளிக்குள் கிடந்தார்.

நஷ்டஈட்டு மனு தள்ளுபடி ஆன அன்று அவர், "என் நெஞ்சப் பொளந்து பாருங்கடா" என்று கத்தினார். மொசெலே அதையே திரும்பத் திரும்ப நினைத்தாள். அது உத்தரவா, ஆத்திரமா? பேச்சுவாக்கில் சொன்னதை நம்பி ஒரு மனிதரைத் திறக்கலாமா? தெளிவாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகாத அப்பாமேல் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

"திறங்க" என்றாள். வேறு யாரோ சொன்னதுபோல் இருந்தது.

மூவரும் வெளியே வந்து வெயிலில் நின்றார்கள்.

"நல்லா யோசிச்சியா?" என்றார் பெரியப்பா.

"இல்ல பெரியப்பா."

அவர் தலையசைத்தார்.

உள்ளே கூப்பிட்டார்கள். பிணவறையிலிருந்து கிளம்பும்போது எங்கே போகிறோம் என்று இறந்தவரிடம் சொல்லியாக வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். சொல்லாவிட்டால் அவர் அங்கேயே தங்கிவிடுவார். பெரியப்பா சவப்பெட்டிமேல் கை வைத்து, "மொஹாபி, எழுந்திரு. வீட்டுக்குப் போறோம்" என்றார். திரும்பியபோதுதான் நுரையீரலை வைத்து மூடி போட்ட வெள்ளை வாளி கண்ணில் பட்டது. அப்படியே நின்றுவிட்டார்.

"இதுகிட்ட என்ன சொல்றது? வீட்டுக்குன்னுல்ல சொல்லிட்டேன். ஒரே ஆளுகிட்ட ரெண்டு ஊர் சொன்னா அவன் எங்கதான் போவான்?"

ஊழியர் வாளியைத் தூக்கிக்கொண்டு போய் ஜோகன்னஸ்பர்க் வண்டியில் வைத்தார். மொசெலே பின்னாலேயே ஓடினாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று குனிந்தவளுக்கு, "அப்பா" என்பதற்குமேல் வரவில்லை.

அவளை விலக்கிக்கொண்டு அம்மா முன்னால் வந்தாள். அடையாளத்துக்காகக் கொண்டுவந்திருந்த அப்பாவின் பாஸ்போர்ட்டை ஓட்டுநரிடம் நீட்டினாள்.

"தம்பி, எல்லைப் பாலத்துல கேட்டா இதக் காட்டிடுப்பா. எல்லா சீலும் இருக்கு."

"இதுக்கெல்லாம் அங்க பாஸ்போர்ட்..." என்று தொடங்கிய ஓட்டுநர் அவள் முகத்தைப் பார்த்தார். பாஸ்போர்ட்டை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.