சிங்கத்தின் வடிகட்டி

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தின் ஆண்டு மலருக்காக அவள் இயக்குநரைக் கழுதைப்புலியாக வரைந்திருந்தாள். கோட்டும் கண்ணாடியும் அவருடையவை. வாய் மட்டும் கழுதைப்புலியுடையது. அந்த வாயில், பக்கத்து மேசை அக்கா ஐந்து வருடம் மாரடித்து உருவாக்கிய வடிகட்டி. அதற்கான விருதை இயக்குநர் தன் பேரில் வாங்கி வந்துவிட்டார். மலரில் அதைப் பற்றி வரும் கட்டுரையிலும் அக்காவின் பெயர் இல்லை.

மலரைத் தொகுக்கும் நூலகர் படத்தைப் பார்த்ததும் இழுப்பறைக்குள் தள்ளினார்.

"ஏம்மா, நீ வாயத் திறந்து பேசி நான் கேட்டதே இல்ல. வரைஞ்சா மட்டும் என் சோத்துல மண்ணள்ளிப் போடுவியா? சிங்கமா போட்டுக் குடு, முழுப் பக்கம் தரேன்."

அவள் விலங்கியல் படித்தவள். சற்று யோசித்தாள்.

"சரி சார். சிங்கமாவே போடுறேன்."

மறுநாள் கொண்டுவந்தாள். மர நிழலில் கால்மேல் கால் போட்டுச் சாய்ந்திருந்தது சிங்கம். எதிரே வடிகட்டி. சற்றுத் தள்ளி, ஆய்வகக் கோட்டு அணிந்த ஐந்து பெண் சிங்கங்கள் மூச்சு வாங்க நின்றன. முன்னால் நின்றதற்கு அக்காவின் மூக்கு, அக்காவின் கொண்டை.

"பிடரி பிரமாதம்!" என்றாராம் இயக்குநர். அவருக்குத் தலை வழுக்கை.

வெளியீட்டு விழாவில் படத்தைத் திரையில் போடச் சொன்னதும் அவரேதான். விருந்தினர்கள் கைதட்டினார்கள்.

"வரைஞ்ச பொண்ணு எங்க? எழுந்திரும்மா. ஆமா, பின்னால நிக்கிறாங்களே, இவங்கல்லாம் யாரு? என் ரசிகைகளா?" என்று ஒலிவாங்கியில் கேட்டார் இயக்குநர்.

அரங்கம் சிரித்தது. அவளுக்குக் காது சூடேறியது. எழப்போனவளின் கையை அக்கா பிடித்துக்கொண்டாள்.

"வேணாண்டி. எனக்காக நீ வேலைய விட்றாத."

அவள் எழுந்துவிட்டாள்.

"வேட்டையாடினவங்க, சார்."

"என்னது?"

"பெரும்பாலும் பெண் சிங்கங்கதான் வேட்டைக்குப் போகும். அடிச்சுப் போட்டதும் ஆண் சிங்கம் வந்து முதல்ல சாப்பிடும். பாடப் புத்தகத்துலயே இருக்கு." திரையைக் கைகாட்டினாள். "முன்னால நிக்கிறது எங்க அக்கா. வடிகட்டி அவங்க செஞ்சது."

சிரிப்பு ஓய்ந்துவிட்டது. இயக்குநர் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தார், அதில் ஏதோ கோளாறு என்பதுபோல. முன்வரிசை விருந்தினர் ஒருவர் பின்னால் திரும்பி, "எந்த அக்கா?" என்று கேட்டார்.

அக்கா பிடித்திருந்த கையை விட்டாள். எழுந்து நின்றாள்.